மேட்ச் இருக்கிற நாளுக்கு மட்டும் காசு கட்ட முடியுமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். டிடிஎச்சுக்கு மாதம் 400 ரூபாய் சொச்சம் போகிறது. அவள் சாயங்காலம் இரண்டு சீரியல் பார்ப்பாள். நான் இந்தியா ஆடினால் கிரிக்கெட் பார்ப்பேன், ஐபிஎல் வந்தால் சென்னை ஆட்டம் பார்ப்பேன். மழை மாதங்களில் சேலம் அழகாபுரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விடுவோம். வீடு பூட்டிக் கிடக்கும்போதும் அவன் போனிலிருந்து மாதாமாதம் பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டில் டிஷ்ஷே கிடையாது, கூரையில் ஆன்டெனாதான். மேட்ச் பார்க்கிற அன்றைக்கு மட்டும் ஒரு நாள் காசு கட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் இருப்பது மலை மேல், ஆன்டெனாவுக்கு இதைவிட நல்ல இடம் இருக்குமா? இங்கேயும் அப்படிச் செய்ய வழி உண்டா?
— ஏற்காடு வாசகர்

பதில்: வணக்கம் ஐயா. நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆன்டெனா வைத்து, நாள் கணக்கில் காசு கட்டி, கட்டணச் சேனல் பார்ப்பது ஏற்காட்டில் நடக்காது. சேலத்திலும் நடக்காது, சென்னைக்கே போனாலும் நடக்காது. ஆனால் உங்கள் 400 ரூபாயைக் குறைக்க வழி இருக்கிறது. அது கூரையில் செய்கிற வேலை இல்லை, நீங்கள் வாங்கியிருக்கும் சேனல் பேக்கைத் திறந்து பார்த்துச் செய்கிற வேலை.

முதலில் மகள் வீட்டு விஷயத்தைப் பார்ப்போம். அங்கே கூரை ஆன்டெனாவில் வருவது ஃப்ரீவியூ. 2002 அக்டோபரில் ஆரம்பித்த இலவச டிஜிட்டல் சேவை அது. பிபிசி, ஐடிவி போன்ற சேனல்கள் தரையில் நிற்கும் கோபுரத்திலிருந்து நேரே வீட்டுக்கு வரும். இலவசம் என்று பெயர்தான். டிவி பார்க்கிற வீடு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 170 பவுண்டுக்கு மேல் லைசென்ஸ் கட்டணம் கட்டியாக வேண்டும். மகள் உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்! ஒரு நாளுக்குக் காசு கட்டிப் பார்க்கிற மேட்ச் அநேகமாக அந்த ஆன்டெனாவில் வருவதில்லை. அது இன்டர்நெட்டில் வருகிறது. ஸ்கை கம்பெனியின் நவ் டிவி 2013இல் ஸ்போர்ட்ஸ் சேனல்களுக்கு ஒரு நாள் பாஸ் விற்க ஆரம்பித்தது. அப்போது விலை 9.99 பவுண்டு. ஒரே டிவி, ஒரே சோபா என்பதால் எல்லாமே கூரையிலிருந்துதான் வருகிறது என்று பார்க்கிறவருக்குத் தோன்றும்.

ஆன்டெனா வழியாகவே காசுச் சேனல் விற்றுப் பார்த்த காலமும் அங்கே உண்டு. 1998 நவம்பரில் ஆன்டிஜிட்டல் என்ற கம்பெனி அதை ஆரம்பித்தது. கீழ்நிலை ஃபுட்பால் லீக் ஆட்டங்களுக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போட்டது, பின்னால் ஐடிவி டிஜிட்டல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கட்ட முடியாமல் 2002இல் இழுத்து மூடினார்கள். அதன் பிறகு டாப் அப் டிவி என்று ஒன்று 2004 மார்ச்சில் வந்து 2013 அக்டோபர் வரை ஓடியது. பாக்ஸில் கார்டு செருகி, இலவசச் சேனல்களோடு சில கட்டணச் சேனல்களையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நீங்கள் மனதில் வைத்திருப்பதற்கு ரொம்ப நெருக்கமான ஒன்று இத்தாலியில் நடந்தது. 2005 ஜனவரியில் மீடியாசெட் கம்பெனி ஃபுட்பால் பார்க்க ப்ரீபெய்டு கார்டு விற்றது. சிகரெட் விற்கிற சின்னக் கடையில்கூட வாங்கலாம். கார்டை பாக்ஸில் செருகி, வேண்டிய மேட்சை மட்டும் தேர்வு செய்தால் அதற்கான காசு மட்டும் கார்டிலிருந்து கழியும். மாதச் சந்தா கிடையாது. நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயும் போகப் போக மாதச் சந்தா பக்கம்தான் சாய்ந்தார்கள்.

நம் ஊரில் இது ஏன் வரவில்லை என்பதைச் சொல்லும் முன், பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஊரில் பூட்டிய வீட்டைத் திறக்கும்போது உங்களுக்கு வேலைக்கு ஆகும்.

ஆன்டெனாவானாலும் டிஷ்ஷானாலும் அது ஒருவழிப் பாதை. உங்கள் பாக்ஸ் வாங்கிக்கொள்ளும், திருப்பி எதையும் அனுப்பாது. கட்டணச் சேனலின் படம் பூட்டப்பட்டுத்தான் வரும். அதைத் திறக்கிற சாவி சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பாக்ஸில் இருக்கும் கார்டில் அந்தச் சேனலுக்கான அனுமதி இருந்தால் மட்டும் சாவி கிடைத்துப் படம் தெரியும். அந்த அனுமதியும் வானத்திலிருந்தே வந்தாக வேண்டும். நீங்கள் ரீசார்ஜ் செய்ததும், கம்பெனி உங்கள் கார்டு நம்பரைப் போட்டு ஒரு சின்னச் செய்தியை ஒளிபரப்போடு சேர்த்துத் திரும்பத் திரும்ப அனுப்பும். எல்லார் வீட்டு டிஷ்ஷிலும் அது விழும். அந்த நம்பர் உள்ள பாக்ஸ் மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பாக்ஸ் ஆஃப் ஆகியிருந்தால் வந்த செய்தி வீண்.

மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, ரீசார்ஜ் செய்து, டிவியைப் போட்டால் 'சந்தா இல்லை' என்றே காட்டுவது இதனால்தான். உடனே டிஷ் திரும்பிவிட்டது என்று ஆளைக் கூப்பிடுவார்கள், ஆள் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து ஒன்றுமே செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு போவார். அதற்கு முன் இலவசச் சேனல் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிஷ்ஷில் கோளாறு இல்லை. பாக்ஸை ஆன் செய்து, தெரியாத சேனலிலேயே அரை மணி நேரம் விட்டுவையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கஸ்டமர் கேருக்கு போன் போட்டு 'ரிஃப்ரெஷ் அனுப்புங்கள்' என்று கேளுங்கள். சில கம்பெனிகளில் மிஸ்டு கால் கொடுத்தாலே அனுப்பிவிடுவார்கள்.

அனுமதியைக் கொடுக்கலாம், பிடுங்கலாம், இன்ன தேதி வரை என்று கெடுவும் வைக்கலாம். ஒரு நாளைக்கு மட்டும் திறந்துவிடுவது பாக்ஸுக்கு ஒரு விஷயமே இல்லை. உங்கள் டிடிஎச் ஆப்பைத் திறந்து பாருங்கள், பல கம்பெனிகளில் பேலன்ஸ் தினம் தினம்தான் கழிகிறது. ஆகவே தடை எங்கே என்றால், ஒன்று சட்டத்தில், இன்னொன்று விலையில்.

சட்டம் சுருக்கமானது. இந்தியாவில் தரைக் கோபுரம் வழியாக டிவி ஒளிபரப்ப தூர்தர்ஷனுக்கு மட்டும்தான் உரிமை. தனியாரையும் விடலாம் என்று டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2017 ஜனவரியில் பரிந்துரை செய்தது. அது பரிந்துரையாகவே நிற்கிறது. தூர்தர்ஷனும் பழைய அனலாக் கோபுரங்களை எல்லைப் பகுதி போன்ற சில இடங்கள் தவிர 2022க்குள் நிறுத்திவிட்டது. டிஜிட்டல் தரை ஒளிபரப்பை 2016இல் 16 நகரங்களில் தொடங்கினார்கள், அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்தது சென்னைதான். அதிலும் தூர்தர்ஷனின் சொந்தச் சேனல்கள் சிலதான், அவற்றில் கட்டணச் சேனல் எதுவும் இல்லை. நீங்கள் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் இருப்பது ஆன்டெனாவுக்கு அருமையான இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரே அனுப்புகிற கோபுரம் ஒன்று இருந்தால்தானே உயரத்துக்கு மதிப்பு?

விலைதான் சுவாரசியமான பகுதி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிப்படி உங்கள் பில் இரண்டு துண்டு. ஒன்று, சேனல் எதுவானாலும் இணைப்பு வைத்திருப்பதற்கே கட்டுகிற நெட்வொர்க் கட்டணம். இதற்கு ரூ. 130 என்று வரம்பு இருந்தது, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ. 153.40. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டு, கம்பெனியே விலை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கிற கட்டணச் சேனல்களின் விலை. தொகுப்புக்குள் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு சேனலின் மாத விலை ரூ. 19ஐத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி. அதனால் பெரிய பெரிய சேனல்களெல்லாம் 19லேயே வந்து நிற்கும்.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். ரூ. 19 சேனலுக்கு ஜிஎஸ்டி சேர்த்து மாதம் ரூ. 22.42. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 75 பைசா. நீங்கள் கேட்கிற மாதிரி ஒரு நாள் ஸ்போர்ட்ஸ் சேனலைத் திறந்துவிட்டால் கம்பெனிக்குக் கிடைப்பது அந்த 75 பைசா. அதிலும் பெரும்பங்கு சேனல்காரனுக்குப் போய்விடும். கஸ்டமர் கேரில் ஒருவர் உங்கள் போனை எடுத்து 'வணக்கம்' சொல்லும் செலவுக்கே அது காணாது. இங்கிலாந்தில் ஒரு நாள் பாஸ் 2013இலேயே 10 பவுண்டுக்குப் போனது, இன்றைய நம் கணக்கில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அங்கே நாள் கணக்கு செல்லுபடியாகிறது என்றால், மாதச் சந்தா அவ்வளவு எகிறிக் கிடக்கிறது. ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் விற்று ஜெயித்த ஊர் நம்முடையது. ஆனால் இங்கே பாட்டிலே பாக்கெட் விலையில் இருக்கும்போது அதை யார் பாக்கெட் போடுவார்?

நாள் விலைக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சில்லறையாகப் பிரித்து விற்கிறவன் மாத விலையை முப்பதால் வகுத்துத் தர மாட்டான். தமிழில் இதற்குப் பெரிய உதாரணமே உண்டு. 2013 ஜனவரி 10ஆம் தேதி, தியேட்டருக்கு வரும் முன்பே, 'விஸ்வரூபம்' படத்தை டிடிஎச்சில் ஒருமுறை காட்டப்போவதாக கமல்ஹாசன் அறிவித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தமிழுக்குக் கட்டணம் ரூ. 1,000. தியேட்டர்காரர்கள் எதிர்த்ததில் அந்த ஒளிபரப்பு சொன்ன தேதியில் நடக்கவில்லை. ஒரு வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற கணக்கில் வைத்த விலையாகத்தான் அது இருக்கும். ஒரு தடவைக்கு விலை வைப்பவர்கள் எப்போதும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். மாதம் 400 கட்டுகிறீர்கள் என்றால் நெட்வொர்க் கட்டணம் போக 250 ரூபாய்க்குப் பக்கம் பேக்குக்குப் போகிறது. அந்த பேக்கில் இந்தி, தெலுங்கு, குழந்தைகள் சேனல், சமையல் சேனல் எல்லாம் இருக்கும். உங்கள் வீட்டு அம்மா பார்க்கிற இரண்டு சீரியலும் எந்தெந்தச் சேனலில் வருகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். அதோடு உங்களுக்கு ஒரு நியூஸ் சேனல். தமிழ் நியூஸ் சேனல்களில் பல இலவசமாகவே வரும். ஒரு தமிழ் ஸ்போர்ட்ஸ் சேனல். பேக்கை எடுத்துவிட்டு இவற்றைத் தனித்தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தனிச் சேனலாகக் கேட்பது உங்கள் உரிமை, 'அப்படியெல்லாம் வராதுங்க' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு சேனல், நான்குமே ரூ. 19 என்றே வைத்துக்கொண்டாலும், வரியோடு ரூ. 89.68. பழைய நெட்வொர்க் கட்டணத்தோடு கூட்டினால் ரூ. 243. உங்கள் கம்பெனி நெட்வொர்க் கட்டணத்தை ஏற்றியிருந்தால் அந்த அளவுக்குக் கூடும்.

ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே குழுமத்தின் சேனல்களைச் சேர்த்துக் கட்டிய சின்னத் தொகுப்பு, அதிலுள்ள இரண்டு மூன்று சேனலைத் தனியாக வாங்குவதைவிட மலிவாக இருக்கலாம். அம்மாவின் இரண்டு சீரியலும் ஒரே குழுமத்தில் வந்தால் தொகுப்பையே எடுங்கள். ஒவ்வொரு சேனலின் விலையும் டிவி திரையில் வரும் சேனல் பட்டியலிலேயே போட்டிருக்கும்.

ஸ்போர்ட்ஸ் சேனலை ஐபிஎல் சமயத்தில் மார்ச் கடைசியில் சேர்த்து, ஃபைனல் முடிந்ததும் எடுத்துவிடலாம். உங்கள் நாள் கணக்கு ஆசைக்கு டிடிஎச்சில் இருக்கிற வடிவம் இதுதான். சேர்த்த சேனலை எத்தனை நாள் கழித்து நீக்கலாம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எச்டி கேட்டால் விலை கூடும். மாதம் 22 ரூபாய்க்காகச் சேர்த்து எடுத்து அலைவது வீண் வேலை என்று தோன்றினால் வருஷம் முழுக்க விட்டுவிடுங்கள். என் வீடாக இருந்தால் அப்படித்தான் விடுவேன்.

டிடி ஃப்ரீ டிஷ் வைத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள், ஏற்காட்டிலிருந்து வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிடிஎச் அது, 2004 டிசம்பரில் ஆரம்பித்தது. கிரிக்கெட்டுக்கு அதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. 2007ஆம் வருஷச் சட்டப்படி இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகளைத் தனியார் சேனல் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொண்டாக வேண்டும். ஆனால் அந்தப் படத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்த வழியில் மட்டும்தான் தரலாம், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் போகக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃப்ரீ டிஷ் வீட்டில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்க, அதே தூர்தர்ஷன் உங்கள் பாக்ஸில் வேறு ஏதோ நிகழ்ச்சி காட்டும் கதை இதுதான். ஐபிஎல் அந்தச் சட்டப் பட்டியலில் இல்லை.

உங்களுக்கு அது தேவையா என்றால், தேவையில்லை என்பேன். அம்மா பார்க்கிற பெரிய சீரியல் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் கிடையாது. டிடிஎச்சை வைத்துக்கொண்டே இதையும் வைப்பதென்றால் டிஷ், பாக்ஸ், ஆள் கூலி என்று ஒன்றரை இரண்டாயிரம் ஆகிவிடும். ஸ்போர்ட்ஸ் சேனலுக்கு வருஷம் முழுக்கக் கட்டினாலும் ரூ. 269தான். அந்தக் காசு திரும்பி வர ஆறேழு வருஷம் ஆகும். சீரியல் பார்க்கிறவர் இல்லாத வீடாக இருந்தால் டிடிஎச்சை நிறுத்திவிட்டு இதை மட்டும் வையுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

இன்டர்நெட் வழியாக ஒரு மேட்ச், ஒரு தொடர் என்று பிரித்து விற்பது நம் ஊரிலும் வந்துவிட்டது. ஃபேன்கோடு ஆப்பில் அப்படி மேட்ச் பாஸ் கிடைக்கிறது. மகள் வீட்டு ஏற்பாட்டுக்கு நேர் உறவு அதுதான். ஆனால் நீங்கள் பார்க்க நினைக்கிற இந்தியா ஆட்டமும் ஐபிஎல்லும் எந்த ஆப் கையில் இருக்கின்றன என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், பெரும்பாலும் சந்தாவாகத்தான் விற்பார்கள். அதைவிட டேட்டா பெரிய பிரச்சினை. நல்ல தரத்தில் பார்த்தால் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று ஜிபி வரை இழுக்கும். தினம் 2 ஜிபி தருகிற போன் பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்த்தால், முதல் இன்னிங்ஸ் முடியும் முன் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு ஃபைபர் லைன் வந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

இதற்கு நடுவில், ஒரு தடவை இரண்டாயிரம் கொடுத்தால் ஆயுசுக்கும் எல்லாச் சேனலும் வரும் என்று ஒரு குட்டி பாக்ஸைக் காட்டி யாராவது வருவார்கள். திருட்டு ஸ்ட்ரீம் அது. ஒரு பெரிய மேட்ச் அன்றைக்கு நிற்கும், அப்புறம் விற்றவரின் போனும் ஸ்விட்ச் ஆஃப்.

பூட்டிய வீட்டுக்குக் காசு போவதுதான் உங்கள் பில்லில் நிஜமான ஓட்டை. டிடிஎச் ப்ரீபெய்டுதானே, ரீசார்ஜ் செய்யாவிட்டால் தானாக நின்றுவிடும். மகன் போனில் இருக்கிற ஆட்டோபேயை நிறுத்தச் சொல்லுங்கள். யூபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற இடத்துக்குப் போனால் டிடிஎச் கம்பெனி பெயர் இருக்கும், அதை ரத்து செய்தால் போதும். சந்தா எத்தனை மாதம் நின்றால் இணைப்பே ரத்தாகும் என்பதை மட்டும் கஸ்டமர் கேரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அழகாபுரம் வீட்டில் கேபிள் இருந்து, அவர்கள் ஊருக்குப் போகும் மாதங்களில் நிறுத்த வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம் என்று டிராயின் 2017 விதியில் இருக்கிறது.

வீட்டைப் பூட்டிக் கிளம்பும் அன்றைக்கு பாக்ஸின் ப்ளக்கைப் பிடுங்குவதோடு, டிஷ்ஷிலிருந்து வருகிற ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். மலையில் இடி விழுந்தால் கரன்ட் ஒயரில் மட்டும் வராது, அந்த ஒயரிலும் வரும். மேலே டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற சின்னக் கருவியோடு ஒயர் சேரும் கனெக்டரில் டேப் பிரிந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். ஏற்காட்டுப் பனி சிக்னலைக் கெடுக்காது, ஆனால் கனெக்டருக்குள் ஈரம் இறங்கிப் பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்திருந்தால் சுரண்டிப் பயனில்லை, ஒயரை ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போடச் சொல்லுங்கள். பதினைந்து இருபது ரூபாய் சாமான்தான்.